அச்சுப் பொறியும் கம்பியில்லா வலையும்



தெருவுக்கு ஒரு கிணறு இருந்த காலத்தில் தண்ணீர் எடுப்பதற்கு ஒரு முறை இருந்தது. கயிறும் வாளியும் பொது. குடங்கள் வந்த வரிசையில் நிற்கும். முந்தி வந்த குடம் முந்தி நிறையும். இந்த ஒழுங்கு குலைந்தால் கிணற்றில் தண்ணீர் இருந்தும் வீட்டில் தண்ணீர் இராது. இன்று கடைகளிலும் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் அந்தக் கிணற்றின் இடத்தில் அச்சுப் பொறி வந்து நிற்கிறது. கணிப்பொறிகள் நாலைந்து இருக்கின்றன. பிரிண்டர் என்று நாம் வழங்கும் அச்சுப் பொறி ஒன்றே. அந்த ஒன்றைப் பலரும் கம்பியின் துணையின்றிப் பயன்படுத்துவது எங்ஙனம் என்பதே இன்று நான் விளக்க எடுத்துக்கொண்ட பொருள்.

வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ள எங்கள் கண்ணமங்கலம், ஆரணி வட்டாரத்துப் பட்டு நெசவோடு தொடர்புடைய ஊர். இத்தகைய ஊரில் அச்சிட்ட தாளின் தேவை எவ்வளவு என்பதை எண்ணிப் பாருங்கள். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையம், ஆதார் நகலுக்கு ஜெராக்ஸ் கடை, மாணவனின் தேர்வு நுழைவுச் சீட்டுக்கும் அதே கடை. சேலையின் கரையையும் முந்தானையையும் கணிப்பொறியில் வரைபவருக்குக் கட்டம் போட்ட தாளில் வடிவம் வேண்டும். நெசவாளர் ஒருவர் வங்கிக் கடனுக்கு விண்ணப்பம் எடுக்கத் தறியை விட்டு எழுந்து வருகிறார். “பிரிண்டர் வரவில்லை, நாளைக்கு வாருங்கள்” என்ற விடையைக் கேட்டுத் திரும்புகிறார். அவருக்கு நஷ்டம் ஒரு தாள் அன்று. அரை நாள் கூலி. அந்த விடைக்குக் காரணம் பல சமயங்களில் இயந்திரத்தின் பழுதும் அன்று. அமைப்பைச் செய்தவர் ஒரு சிறு காரியத்தைச் செய்யாமல் விட்டதே காரணம். அச்சிறு காரியம் யாது என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் கற்பித்த விதி, அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க என்பது. ஆகவே ‘பிரிண்ட் சர்வர்’ என்ற சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். சர்வர் என்றதும் நமக்கு நினைவு வருபவர் சிற்றுண்டிச் சாலையில் பரிமாறுபவர். அந்தப் பொருளே இங்கும் பொருந்தும். மேஜைகள் பத்து, சமையற்காரர் ஒருவர். மேஜையில் இருப்பவர்கள் எழுந்து போய் அடுப்படியில் நின்று கூவுவதில்லை. சர்வர் ஒவ்வொரு மேஜையிலும் கேட்டுக்கொண்டு, வரிசை தவறாமல் உள்ளே சொல்கிறார். சீட்டுக்கட்டு அளவே உள்ள பிரிண்ட் சர்வர் என்னும் பெட்டியும் இதைத்தான் செய்கிறது. அதன் ஒரு பக்கம் யு.எஸ்.பி. கம்பியால் அச்சுப் பொறியோடு இணைந்திருக்கிறது. மறு பக்கம் வைஃபை என்னும் கம்பியில்லா வலையோடு பேசுகிறது. பல கணிப்பொறிகள் அனுப்பும் வேலைகளை அது வாங்கி, ஒன்றன்பின் ஒன்றாகப் பொறிக்குக் கொடுக்கிறது. இன்று விற்பனையாகும் பல அச்சுப் பொறிகளில் இப்பெட்டியின் வேலை உள்ளேயே அடங்கியிருக்கிறது. நன்றாக உழைக்கும் பழைய பொறியைக் கழித்துக் கட்ட மனமில்லாதவருக்குத் தனிப் பெட்டி உதவும். இரண்டுக்கும் அமைப்பு முறை ஏறக்குறைய ஒன்றே.

இந்த ஏற்பாட்டின் வரலாறு சுவையானது. நம் நாட்டில் நகல் எடுப்பதற்கே பெயராகிவிட்ட ஜெராக்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்திற்குக் கலிபோர்னியாவில், பாலோ ஆல்ட்டோ என்னும் ஊரில், ஓர் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கே 1971இல் கேரி ஸ்டார்க்வெதர் என்பவர் லேசர் ஒளியால் அச்சிடும் பொறியை உருவாக்கினார். விலையுயர்ந்த அந்தப் பொறியை ஆளுக்கொன்றாக வைத்துக்கொள்வது இயலாது. அதனைப் பல கணிப்பொறிகளுக்கும் பொதுவாக்கும் வழியைத் தேடிய ராபர்ட் மெட்காஃப் என்பவர் 1973இல் ஈதர்நெட் என்னும் கம்பி வலையை வகுத்தார். கட்டடத்துக்குள் கணிப்பொறிகளை இணைக்கும் வலை தோன்றியதற்கு ஓர் அச்சுப் பொறியைப் பகிர்ந்துகொள்ளும் தேவை முக்கியமான காரணம் என்பதைக் கவனியுங்கள். மெட்காஃபுக்கு வழிகாட்டியதோ வானொலி அலை. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஏப்ரம்சன் குழுவினர் தீவுகளுக்கிடையே கணிப்பொறிச் செய்திகளை அலைகளின் மூலம் அனுப்பும் ‘அலோஹா’ வலையை 1971இல் இயக்கினர். அலையில் பிறந்த கருத்து கம்பிக்குள் புகுந்தது. 1997இல் வைஃபைக்கான முதல் விதிமுறை வெளியானபோது, அது மீண்டும் அலைக்கே திரும்பியது.

சுவரை ஊடுருவிச் செல்லும் அலை நம் நாட்டுக்குப் புதிதன்று. 1895இல் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ், இடையே சுவர்கள் நிற்க, கம்பியின் தொடர்பின்றி மறு அறையில் மணி ஒலிக்கச் செய்து காட்டினார். வைஃபை அலைக்கும் நாம் கேட்கும் வானொலி அலைக்கும் இனம் ஒன்று, அளவுதான் வேறு. 720 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலையின் நீளம் ஏறத்தாழ 417 மீட்டர். வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளமோ 12 சென்டிமீட்டர்தான். 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு நீளம் சுமார் 6 சென்டிமீட்டர். ஒரு காலத்தில் அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்தி உரிமம் பெற்றே வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருந்தோம். சிறு சக்தியுடன் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பயன்படுத்துவதற்கு 2005 முதல் இந்திய அரசு உரிமம் கேட்பதில்லை. ஆகையினால்தான் தெருக்கடையிலும் வைஃபை வந்தது.

இந்த எண்களில் செயலுக்கு உதவும் செய்தி ஒன்று உண்டு. சிறிய பிரிண்ட் சர்வர்கள் பலவற்றுக்கு 2.4 அலை மட்டுமே தெரியும். வலையை ஊட்டும் ரௌட்டர் என்னும் பெட்டி 5 அலையில் மட்டும் பேசுமாறு அமைக்கப்பட்டிருந்தால், பிரிண்ட் சர்வர் எவ்வளவு தேடினாலும் அதனைக் காணாது. அப்போது ரௌட்டரில் 2.4 அலையையும் திறந்துவிட வேண்டும். இரும்புப் பீரோவின் பின்னால் பெட்டியை ஒளித்து வைப்பதும் ஆகாது. செங்கல் சுவரை ஓரளவு கடக்கும் அலையை இரும்புத் தகடு மறித்துவிடும்.

இனி அமைப்புக்கு வருவோம். அதில் அடங்கியவை மூன்றே: பெயர், திறவுகோல், முகவரி. எந்த வலையில் சேர வேண்டும் என்பது பெயர். சேர்வதற்கு அனுமதி தரும் கடவுச்சொல் திறவுகோல். சேர்ந்த பின் பிறர் நம்மைத் தேடி வரும் எண் முகவரி. கருவிகளின் திரையில் எத்தனை கட்டங்கள் தோன்றினாலும், பெரும்பாலானவை இம்மூன்றில் ஒன்றைச் சார்ந்தவையே.

முதல் படியில் ஒரு சிக்கல் உண்டு. வலையில் சேர்ந்த பிறகே பெட்டியோடு கம்பியின்றிப் பேச முடியும். பேசினால்தான் வலையில் சேரும் திறவுகோலை அதற்குச் சொல்ல முடியும். இதைத் தீர்க்க, தொடக்கத்தில் மட்டும் ஒரு கம்பியைப் பயன்படுத்துகிறோம். பிரிண்ட் சர்வரை ரௌட்டரோடு வலைக் கம்பியால் இணைத்து, அதன் எண்ணைக் கணிப்பொறியின் உலாவியில் இட்டால் அமைப்புப் பக்கம் திறக்கும். சில பெட்டிகளில் கம்பிக்குப் பதிலாகத் தற்காலிகமாகத் தானே ஒரு சிறு வலையைப் பரப்பும் வசதி உண்டு. கைப்பேசியால் அதில் சேர்ந்து அமைக்கலாம்.

அமைப்புப் பக்கத்தில் கம்பியில்லாப் பகுதிக்குச் சென்று, அருகிலுள்ள வலைகளைத் தேடச் சொல்க. தோன்றும் பட்டியலிலிருந்து நம் வலையின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்துத் திறவுகோல். நம் மொழியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் பேதம் இல்லை. ஆங்கிலத்தில் உண்டு, கருவி அந்தப் பேதத்தைக் கடுமையாகப் பார்க்கும். பூஜ்யத்தையும் ‘ஓ’ என்னும் எழுத்தையும் மாற்றி இட்டு ஒரு மணி நேரம் வீணாக்கியவர்களை நான் கண்டிருக்கிறேன். எல்லாவற்றையும் இட்டபின் சேமித்து, பெட்டியின் மின்சாரத்தை நிறுத்தி, கம்பியைக் கழற்றிவிட்டு மீண்டும் இயக்குக. கம்பி செருகியிருக்கும் வரையில் கம்பியில்லாப் பகுதியை உறங்க வைக்கும் பெட்டிகள் உண்டு. ஆகவே கம்பியைக் கழற்றாமல் சோதித்தால், வைஃபை வேலை செய்கிறதா என்பது விளங்காது.

திறவுகோலைப் பற்றி இன்னும் சிறிது சொல்ல வேண்டும். அலை நம் சுவரோடு நிற்பதில்லை, தெருவுக்கும் போகிறது. 1997இல் வந்த டபிள்யூ.ஈ.பி. என்னும் முதற் பூட்டு உறுதியற்றது என்பதை 2001இல் அறிஞர்கள் மெய்ப்பித்தனர். அதனைத் தொடர்ந்து 2003இல் டபிள்யூ.பி.ஏ., 2004இல் டபிள்யூ.பி.ஏ. 2, 2018இல் டபிள்யூ.பி.ஏ. 3 என்று பூட்டுகள் வந்தன. பழைய பிரிண்ட் சர்வர்களில் பலவற்றுக்கு மூன்றாவது தெரியாது. அவற்றுக்கு இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கலாம். டபிள்யூ.ஈ.பி. மட்டுமே அறிந்த பெட்டி கிடைத்தால், அதற்காக வலை முழுவதையும் பழைய பூட்டுக்கு மாற்றுதல் தகாது. வீட்டின் பின்கதவுக்காக முன்கதவையும் திறந்து வைப்பதற்கு அது ஒப்பாகும். அந்தப் பெட்டியைக் கம்பியோடேயே வைத்துக்கொள்வது நலம். கடவுச்சொல் 8 எழுத்துக்குக் குறையாமலும் 63 எழுத்துக்கு மிகாமலும் இருக்கலாம். கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும் கடவுச்சொல் ஆகா. தொடர்பில்லாத நாலு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால், நினைவில் நிற்கும். பிறரால் ஊகிக்கவும் முடியாது.

இவ்வளவு கவலை ஏன் என்று கேட்கலாம். கணிப்பொறியிலிருந்து அச்சுப் பொறிக்குச் செல்லும் செய்தி சாதாரணமாக மறைமொழி ஆக்கப்படாமலே செல்கிறது. வைஃபையின் பூட்டு ஒன்றே அதற்குக் காவல். அந்தத் திறவுகோலைப் பெற்றவர் பிறருடைய செய்தியைப் படிப்பதற்கும் வழி உண்டு. அச்சுக்குச் செல்வது யாருடைய தாள்? கடைக்காரருடையது அன்று. அது நெசவாளரின் ஆதார் எண். ஒரு விதவையின் ஓய்வூதிய விண்ணப்பம். ஒருவருடைய நிலப் பட்டா. அவர்கள் அத்தாளை நம்மிடம் நம்பிக் கொடுத்தவர்கள். 2023இல் நம் நாடாளுமன்றம் தனிநபர் விவரங்களின் பாதுகாப்புக்கென்று ஒரு சட்டமே இயற்றியிருக்கிறது. சட்டம் இல்லாவிடினும் இது நம் கடமையே.

ஆகையால், வாடிக்கையாளர்களுக்கு வைஃபை தர விரும்பும் கடைக்காரர், ரௌட்டரில் உள்ள ‘விருந்தினர் வலை’யைத் திறந்து அதன் திறவுகோலை மட்டும் கொடுக்கலாம். கடையின் கணிப்பொறிகளும் அச்சுப் பொறியும் முதன்மை வலையில் இருக்கட்டும். ஆனால் அச்சுப் பொறியையே விருந்தினர் வலையில் சேர்த்துவிடலாகாது. விருந்தினர் ஒருவரை ஒருவர் காணாதவாறு அவ்வலை பெரும்பாலும் அமைந்திருக்கும். பொறி சேர்ந்திருந்தும் எவருக்கும் அகப்படாது.

பிரிண்ட் சர்வரின் அமைப்புப் பக்கத்துக்கென்று வேறொரு கடவுச்சொல் உண்டு. தொழிற்சாலை இட்ட சொல் கையேட்டில் அச்சாகி உலகம் முழுவதும் தெரிந்தது. அதை முதல் நாளே மாற்றுக. வெளி இணையத்திலிருந்து பொறிக்கு நேர்வழி திறந்து விடுவதையும் தவிர்க்க வேண்டும். 2018 நவம்பர் இறுதியில், அங்ஙனம் திறந்து கிடந்த பல நாட்டு அச்சுப் பொறிகளில் ஒரு யூடியூப் காரருக்கு ஆதரவு கேட்கும் தாள்கள் தாமே அச்சாகி வெளிவந்தன. 50,000 பொறிகளுக்கு அனுப்பியதாக அதைச் செய்தவரே கூறிக்கொண்டார். விளையாட்டாகச் செய்தவர் தாளை வீணாக்கினார். தீயவர் செய்தால் தாளில் உள்ளதை எடுத்துப் போவார்.

இனி முகவரி. நான் முதலில் சொன்ன சிறு காரியம் இதுவே. வலையில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரௌட்டர் ஓர் எண் கொடுக்கிறது. 192.168 என்று தொடங்கும் எண்களைப் பல இடங்களில் பார்த்திருப்பீர்கள். அவை வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் மட்டும் செல்லுபடியாகும் தனி எண்கள். உங்கள் கடையிலும் என் வீட்டிலும் ஒரே எண் இருந்தாலும் குழப்பம் இல்லை. ரௌட்டர் இந்த எண்ணைச் சொந்தமாகத் தருவதில்லை; தவணைக்குத் தருகிறது. சத்திரத்து மணியக்காரர் வந்தவருக்குக் காலியான அறையைக் காட்டுவது போன்றது இது. இன்று அச்சுப் பொறிக்கு 14ஆம் அறை கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். கணிப்பொறிகள் அந்த எண்ணைக் குறித்துக்கொள்கின்றன. ஒரு நாள் மின்தடை ஏற்படுகிறது. மின்சாரம் திரும்பியதும் ரௌட்டர் மீண்டும் எண்களைப் பங்கிடுகிறது. முந்திக்கொண்ட கைப்பேசி ஒன்று 14ஆம் அறையைப் பெறுகிறது. பொறிக்கு 22 கிடைக்கிறது. கணிப்பொறிகளோ 14ஆம் கதவையே தட்டுகின்றன. உள்ளே இருப்பவர் பதில் சொல்வதில்லை. பொறி நன்றாக இருக்கிறது, வலை நன்றாக இருக்கிறது, திறவுகோல் சரி. ஆயினும் தாள் வருவதில்லை. நெசவாளர் திரும்பிப் போகிறார்.

பரிகாரம் எளிது. பொறிக்கு மாறாத எண்ணைக் கொடுத்துவிட வேண்டும். அதற்கு வழிகள் இரண்டு. ரௌட்டரிலேயே இந்தக் கருவிக்கு இந்த எண் என்று ஒதுக்கி வைப்பது முதல் வழி, அதுவே சிறந்தது. ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையில் இட்ட 12 குறிகள் கொண்ட அடையாளம் உண்டு. அதன் அடியில் ஒட்டிய சீட்டில் காணலாம். அந்த அடையாளத்தை ரௌட்டரில் பதிவு செய்தால், பொறி எப்போது வந்தாலும் அதே அறைதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல பெட்டிகளில் கம்பிக்கு ஓர் அடையாளமும் கம்பியில்லாப் பகுதிக்கு வேறோர் அடையாளமும் இருக்கும். நாம் பதிய வேண்டியது பின்னதை.

இரண்டாவது வழி, பிரிண்ட் சர்வரின் அமைப்புப் பக்கத்திலேயே எண்ணை எழுதிவிடுவது. ரௌட்டரின் எண் 192.168.1.1 என்றும், அது பிறருக்குப் பங்கிடும் எண்கள் 100 முதல் 199 வரை என்றும் கொள்வோம். அப்போது பொறிக்கு 192.168.1.20 என்று எழுதலாம். அதனை அடுத்த கட்டத்தில் 255.255.255.0 என்றும், வாயில் என்ற கட்டத்தில் ரௌட்டரின் எண்ணையும் எழுதுக. பங்கிடும் எல்லைக்குள் இருக்கும் எண்ணைக் கொடுத்தால், ஒரே அறைக்கு இருவர் உரிமை கோரும் நிலை வரும். பிறகு ஒவ்வொரு கணிப்பொறியிலும் பொறியைச் சேர்க்கும்போது இந்த எண்ணையே கொடுக்க வேண்டும். ‘தானே தேடிக்கொள்ளட்டும்’ என்று விட்டால், அது பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கக்கூடும்.

இத்தனைக்குப் பிறகும் அச்சு வராவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை; வரிசையாகப் பார்க்க வேண்டும். பொறியில் தாளும் மையும் உள்ளனவா? யு.எஸ்.பி. கம்பி சரியாகச் செருகியிருக்கிறதா? பெட்டியின் வைஃபை விளக்கு எரிகிறதா? உலாவியில் அதன் எண்ணை இட்டால் அமைப்புப் பக்கம் திறக்கிறதா? திறக்குமானால் வலையில் குற்றமில்லை. கணிப்பொறியின் பக்கத்தையே பார்க்க வேண்டும். முன்னர் சிக்கிய வேலை ஒன்று வரிசையை மறித்துக்கொண்டிருக்கலாம். அதை நீக்கினால் மற்றவை நகரும். மின்தடைக்குப் பின் முதலில் ரௌட்டரை இயக்கி, இரண்டு நிமிஷம் பொறுத்துப் பிரிண்ட் சர்வரை இயக்குவது நல்ல வழக்கம். இரண்டும் ஒன்றாக எழுந்தால், வலை பரவுமுன்னே சர்வர் தேடிக் களைத்துவிடுவதும் உண்டு.

தனிப் பெட்டி வாங்குவோர் ஒன்றை முன்கூட்டியே விசாரிக்க வேண்டும். மலிவான பொறிகள் சில, பக்கத்தை அமைக்கும் வேலை முழுவதையும் கணிப்பொறியிடமே விட்டுவிடுகின்றன. அவை பிரிண்ட் சர்வரோடு ஒத்துப்போகாமல் இருக்கக்கூடும். நகலெடுக்கும் வசதியும் சேர்ந்த பொறியில், அச்சிடுதல் நடந்தாலும் கணிப்பொறிக்குப் படம் எடுத்து அனுப்பும் பகுதி பெட்டியின் வழியாக நடவாமல் போகலாம். தம் பொறியின் மாதிரி எண்ணைச் சொல்லிக் கேட்டு வாங்குவது உத்தமம்.

முடிவாக, நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது ஒரு நோட்டுப் புத்தகம். வலையின் பெயர், அச்சுப் பொறியின் மாறா எண், அதன் 12 குறி அடையாளம், அமைத்த தேதி ஆகியவற்றை அதில் எழுதி வையுங்கள். கடவுச்சொற்களை உறையிலிட்டுப் பொறுப்பானவரிடம் தனியே வைக்க வேண்டும், சுவரில் ஒட்டலாகாது. அமைத்துக் கொடுத்தவர் ஆரணிக்கோ வேலூருக்கோ போயிருக்கலாம். தொலைபேசியில் கிடைக்காமலும் இருக்கலாம். நோட்டுப் புத்தகம் இருந்தால், கடையில் வேலை பார்க்கும் பத்தாம் வகுப்புப் படித்த பெண்ணே பத்து நிமிஷத்தில் குறையைக் கண்டுபிடித்துவிடுவாள். தறிக்காரர் விண்ணப்பத்தைக் கையோடு வாங்கிக்கொண்டு, பொழுது சாயுமுன் மீண்டும் தறியில் உட்கார்ந்துவிடுவார்.